இமோகிரிக்குப் போகும் வழி

வேலை நேரத்தில் காவலர்கள் உட்காரக் கூடாது. தபோதரன் சுவரில் முதுகு படாமல் நின்றார். வயிற்றின் வலது பக்கம் காலையிலிருந்தே இழுத்தது.

அருங்காட்சியகத்தின் ஏழாம் அறைக்கு ஜன்னல் இல்லை. எதிர்ச்சுவர் முழுக்க ஒரே புகைப்படம்: ஜாவாவில் ஒரு குன்று, அதில் ஏறும் கற்படிகள், உச்சியில் மத்தராம் அரசர்களின் கல்லறைகள். இமோகிரி.

படத்தில் தெரியும் படிகள் நூற்றுப் பன்னிரண்டு. மூன்று மாதங்களாக எண்ணுகிறார்.

மழைக்கு ஒதுங்கிய ஓர் இளம் தம்பதி உள்ளே வந்தார்கள். பேச்சு தமிழ்நாடு. அந்தப் பெண் விளக்கப் பலகையைக் கணவனுக்குப் படித்துச் சொன்னாள்.

"ஆயிரத்து எழுநூத்தி எட்டுல டச்சுக்காரங்க இதுல ஒரு ராஜாவ சிலோனுக்கு நாடு கடத்திட்டாங்களாம். இருபத்தாறு வருஷம் அங்கதான். செத்தப்புறம் இங்க கொண்டுவந்து புதைச்சிருக்காங்க."

தபோதரனின் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அங்கிள், நீங்க சிலோனா? உங்க ஊர்லதான் இவர அடைச்சு வெச்சிருந்தாங்க."

"ஓம். செத்தாப் பிறகுதான் விட்டவங்கள்."

அவள் சிரித்தாள். "நீங்க ஊருக்குப் போறதுண்டா?"

அவருடைய உள்பையில் நீலநிறப் பயணப் புத்தகம் இருந்தது. அகதிகளுக்கு ஜெர்மனி கொடுப்பது. எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர. அம்மாவின் செத்தவீட்டை அவர் கைப்பேசியில்தான் பார்த்தார்.

ஜெர்மனியில் இது அவருக்கு இருபத்தேழாவது ஆண்டு. அரசரை ஒன்றால் முந்திவிட்டார்.

"தைப்பொங்கலுக்கு முன்னம் போயிடுவன்."

"சூப்பர்! வரும்போது எனக்கு டீத்தூள்!"

"வர்ஷா, வெக்கமே இல்லையா உனக்கு?" கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"சரி பிள்ளை," என்றார் தபோதரன்.

அவர்கள் போனபின் அறையில் படிகள் மட்டும் இருந்தன.

பயணப் புத்தகத்துக்குள் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இந்த ஆண்டு முடியும்வரை, அவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. இன்று காலை, வேலைக்கு வரும் வழியில், இறுதிச்சடங்கு நிறுவனம் ஒன்றில் இறங்கி அந்தத் தாளை நிரப்பினார்.

உடல் எந்த நாட்டுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு கேள்வி.

இலங்கை என்று எழுதிவிட்டு, அன்று அகதி விசாரணையில் இருந்ததுபோல, கேள்விகளுக்குக் காத்திருந்தார்.

மேசைக்கு அப்பால் இருந்த பெண் ஏன் என்று கேட்கவில்லை. ஆதாரம் கேட்கவில்லை. முத்திரை குத்தி, கதவுவரை வந்து கைகொடுத்தாள்.