இலையை மட்டும் காட்டியவன்

உச்சி வெயிலில், மருந்து தெளிப்பானை முதுகில் சுமந்தபடி அவன் கடலைக்காட்டில் நிற்கிறான். எத்தனை அடித்தும் செடிகள் வாடிக்கொண்டேதான் போகின்றன. மனைவி ஒரு செடியை இழுக்கிறாள். அது காய்களை மண்ணிலேயே விட்டுவிட்டு, அடித்தண்டில் முறிந்து கையோடு வருகிறது. முறிந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சணம், அதில் கடுகு கடுகாய் மணிகள். “மருந்துக்கடையில எதைக் காட்டினீங்க?” “இலையைத்தான். சட்டைப் பையில வேற என்ன அடங்கும்?” “நோய் காலடியில இருக்கு. நீங்க தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்கீங்க.” அவனுக்குச் சுர்ரென்று ஏறுகிறது. செடியை அவள் கையிலிருந்து பிடுங்கி வீசுகிறான். வாடாமல் தப்பி நிற்கும் பச்சை வரிசைக்குள் போய் அது விழுகிறது, மணிகள் சிதறுகின்றன. “அந்த மணிதான் நோய்க்கு விதை. கொளுத்த வேண்டியதைக் கொண்டுபோய் விதைச்சிட்டீங்களே!” தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு, அவன் மண்ணில் மண்டியிட்டுக் கடுகு பொறுக்குகிறான்.