ஏசாயாவின் கோட்டு

பருத்திக்காட்டில் களை வெட்டியபடியே பாடக் கற்றவர் கிதார் ஏசாயா. அவர் கம்பியைச் சுண்டினால் அடுத்த ஜில்லாவில் மாடுகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். இளமையில் ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. பிறகு வயிற்றுப்பாட்டுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். அந்தத் தட்டைக் கேட்டு உருகிய நகரத்துப் பிள்ளைகள், கிழவராகிவிட்ட அவரைத் தேடிப்பிடித்து மேடைக்கு அழைத்துவந்தார்கள். ஏசாயா இதற்கென்றே நீலக் கோட்டு தைத்திருந்தார்.

விழா நடத்தும் சுகந்தன் ஒரு கந்தல் சட்டையை நீட்டினான். “கோட்டக் கழட்டிட்டு இதப் போட்டுக்குங்கய்யா. செருப்பும் வேணாம். ஜனங்க அழுதுருவாங்க.”

ஏசாயாவுக்கு வந்த கோபத்தின் சூட்டில் ஊருக்கே இட்லி அவித்திருக்கலாம்.

“அன்னைக்குக் கந்தலோட பாடுனேன்னா, வேற சட்டை இல்ல தம்பி.”

“அதுதாங்கய்யா ஒரிஜினல்.”

ஏசாயா அந்தச் சட்டையைச் சுகந்தனின் பட்டு ஜிப்பாவுக்கு மேலேயே மாட்டிப் பொத்தான் போட்டார். கிதாரை அவன் கழுத்தில் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்குள் தள்ளினார். கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

கீழே இறங்கி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“ம், பாடு தம்பி. நானும் அழணும்னுதான் உக்காந்திருக்கேன்.”