பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெட்டி

"அட்டைப் பெட்டியில பிள்ளையத் தூங்க வைக்கிற நாடெல்லாம் ஒரு நாடாம்மா?"

மாமனார் ஸ்டூரே காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். ஆறு மாத வயிற்றோடு ரீக்கா பதிலுக்குத் தயாராகத்தான் இருந்தாள். மூன்று வேளையும் இதே சண்டைதானே.

"வெறும் பெட்டி இல்ல மாமா. மெத்தை, போர்வை, குளிர் உடுப்பு, நகவெட்டி வரைக்கும் உள்ள வச்சு கர்ப்பிணிக்கு எங்க பின்லாந்து சர்க்காரே குடுக்குது. உங்க ஸ்வீடன்ல ஒரு கைக்குட்டை குடுப்பாங்களா?"

"நாங்க நானூத்தி எண்பது நாள் லீவு குடுக்கறோம். கைக்குட்டைய நீயே வாங்கிக்க."

"லீவு இருந்து என்ன? பிரசவத்துக்கு ஒன்றரை மணி நேரம் கார்ல போகணும். எங்க பக்கம் அரை மணி நேரம்தான்."

"உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னாடி ஓட விட்டிருக்கீங்களே."

நடுவில் ஒரு ஆறு, அதன்மேல் ஒரு பாலம். இந்தக் கரை ஸ்வீடனின் ஹாபராண்டா, அந்தக் கரை பின்லாந்தின் டோர்னியோ. ஊரே இங்கே ரொட்டி வாங்கி அங்கே மீன் வாங்கும். அந்தப் பாலத்தில் சுங்க அதிகாரியாக இருந்த ஸ்டூரே மட்டும், ஓய்வு பெற்ற நாளிலிருந்து அக்கரையில் கால் வைத்ததில்லை. "முப்பது வருஷம் சோதனை போட்டேன், ஒரு உருப்படியான சாமான் அங்கேருந்து வந்ததில்ல" என்பார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பின்லாந்துப் பெண் ரீக்கா.

வாய்க்கு வாய் பேசினாளே தவிர, அந்தப் பெட்டிக்காக உள்ளுக்குள் ஏங்கினாள். பிறந்து மூன்று மாதம் அவளே அப்படியொரு பெட்டியில்தான் தூங்கினாள். அம்மா அதை நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அம்மா போய் இரண்டு வருஷம். தன் பிள்ளையும் அதில் தூங்கினால் அம்மா பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும்.

ஆனால் ஸ்வீடனில் குடியிருந்து ஸ்வீடனிலேயே வேலை பார்ப்பவளுக்குப் பெட்டி கிடையாது. தெரிந்தும் ஒரு விண்ணப்பம் போட்டாள். வாரங்கள் போயின, பதிலில்லை.

"எங்க நாடு என்னை மறந்தே போச்சு ஆல்பின்" என்று ஒரு நாள் கணவன் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள்.

அடுத்த அறையில் மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார். 'மனுஷனுக்கு நெஞ்சுல என்ன கல்லா?' என்று ரீக்கா நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து வாசலில் பெட்டி வந்திருந்தது.

ரீக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்திருந்த எட்டு உறவினர்கள் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைபரப்பினாள்.

"பாத்தீங்களா மாமா? ஆத்தைத் தாண்டி வந்துட்டாலும் எங்க நாடு எங்கள விடாது."

ஸ்டூரே குளிர் உடுப்பைக் கையில் வாங்கினார். தையலை இழுத்துப் பார்த்தார், பொத்தானைத் திருகிப் பார்த்தார். பழைய உத்தியோகப் புத்தி.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல. இதுல பின்லாந்துதான் ஒசத்தி."

ஆல்பின் வாயில் வைத்த கேக்கை மெல்லவே மறந்துவிட்டான். பிறந்ததிலிருந்து அப்பா எதிலும் தோற்று அவன் பார்த்ததில்லை. ரீக்கா அன்று முழுக்க மகாராணி மாதிரி நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்லாந்திலிருந்து கடிதம் வந்தது. 'நீங்கள் ஸ்வீடனில் வசிப்பதால் தங்களுக்குப் பெட்டி வழங்க இயலாது.'

அப்படியென்றால் இது யாருடையது? பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் பாதி சுரண்டிய ஒரு சீட்டில் டோர்னியோ தெருப் பெயரும் வீட்டு எண்ணும் மிச்சமிருந்தன. கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கும் நிறைமாதம். காலைக் கட்டிக்கொண்டு இரண்டு குழந்தைகள். ரீக்கா பெட்டியைப் பற்றிக் கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கினார். நீங்களே வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்று அவள் சிரித்தாள். "இது எனக்கு மூணாவது. துணி ஏற்கனவே மலையா கெடக்கு. பெட்டிக்குப் பதிலா பணமா வாங்கிக்கலாம்னு இருந்தேன். ஒரு ஸ்வீடன்காரப் பெரியவர் கர்ப்பிணிங்க வர்ற கிளினிக் வாசல்ல ஒன்பது நாள் நின்னார். பனியில தொப்பியக் கழட்டிட்டு, ஒவ்வொருத்திகிட்டயா, 'பெட்டி உனக்கு வேணுமாம்மா, வேண்டாமா'ன்னு கேட்டார். ஒருத்தி போலீசக் கூப்பிடுவேன்னுகூட மிரட்டினா. அப்பவும் அவர் நகரல."

ரீக்கா திரும்பி வந்தபோது ஸ்டூரே காபியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பெட்டி வந்துட்டா ஆச்சாம்மா? எங்க ஸ்வீடன்ல பாரு..."

"ஸ்வீடன்தான் ஒசத்தி மாமா. நான் தோத்துட்டேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்டூரே அவளைப் பார்த்தார். அவள் கோட்டில் ஒட்டியிருந்த ஆற்றுப் பாலத்துப் பனியைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா இருந்திருந்தா அவங்க போய் நின்னிருப்பாங்க. அவங்க இல்ல, அதனால நான் போய் நின்னேன். இதுல நாடு எங்கம்மா வந்துச்சு?"