ஒரு சொட்டுச் சாறு

"இந்தக் கடுகளவு வில்லையாம்மா என் தோட்டத்துக்கு மார்க் போடப் போவுது?" என்று சிரித்தார் தெய்வநாயகம்.

"அதுக்குள்ள இருக்கற கருவி கண்ணுக்கே தெரியாதுங்க ஐயா. காயோட சாறு ஒரு சொட்டு போதும். பூச்சிமருந்து அடிச்சிருந்தா இந்தப் பெட்டில சிவப்பு லைட் எரியும். இல்லேன்னா பச்சை" என்றாள் நிவேதா. பல்கலைக்கழகத்தின் நுண்கருவி ஆய்வுப் பிரிவில் அவளும் நண்பர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த கருவி, இன்றுதான் முதல்முறையாக ஆய்வகத்தை விட்டு வெளியே வந்திருந்தது.

சோரியாங்குப்பம் சமுதாயக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. 'நஞ்சில்லாத் தோட்டம்' என்று சாலையோரம் பலகை வைத்து, புதுச்சேரிக் கடைகளுக்கெல்லாம் காய் அனுப்புகிறவர் தெய்வநாயகம். பல்கலைக்கழகமே வந்து சொல்லிவிட்டால் சந்தேகப்படுகிறவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று ஆய்வுப் பிரிவை வலிய அழைத்ததும் அவரேதான். ஊர் கண் விழிக்கும் முன் அந்தத் தோட்டத்தில் ஸ்பிரேயர் இரைவது அவருக்கும் அவர் மனைவி கோகிலாம்பாளுக்கும் மட்டுமே தெரியும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? பக்கத்து நிலத்து மாரிமுத்து, பூச்சிமருந்துக் கடைப் பக்கமே போகாதவன். அவனிடம் நேற்றே சொல்லிவிட்டார்.

"டேய் மாரி, காலைல ஒரு கூடை கத்திரிக்காய் வூட்டுக்குக் கொணாந்து குடுடா. டவுன்லேர்ந்து ஆளுங்க வராங்க."

மாரிமுத்துவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டான். அத்தனையும் பளபளவென்று, ஒரு சொத்தை இல்லை. மருந்தே அடிக்காமல் இவனுக்கு மட்டும் எப்படி இப்படி விளைகிறது என்று தெய்வநாயகத்துக்குப் பொறாமைகூட வந்தது.

அந்தக் கூடைதான் இப்போது மேசைமேல் இருந்தது. நிவேதா ஒரு காயை நறுக்கிச் சாற்றைச் சொட்டினாள்.

சிவப்பு.

"இன்னாம்மா, மெஷின் கோளாறா?" என்று பெட்டியை எட்டிப் பார்த்தார் தெய்வநாயகம்.

வேறு காய் எடுத்தாள். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு.

"வெளில கொண்டாந்தா வேலை செய்யுமான்னு எங்களுக்கே பயமா இருந்துச்சுங்க ஐயா. அருமையா செய்யுது. ரொம்ப நன்றிங்க" என்றாள் நிவேதா, முகமெல்லாம் பூரிப்பாக.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். விறுவிறுவென்று வெளியே வந்த தெய்வநாயகம், வாசலில் நின்ற மாரிமுத்துவைக் கூடத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"எத்தினி நாளாடா திருட்டுத்தனமா மருந்து அடிக்கிற? என் மானத்தையே வாங்கிட்டியேடா."

மாரிமுத்து பதறிப்போனான்.

"நான் எங்கண்ணே அடிச்சேன்? என் தோட்டத்துக் காயெல்லாம் புழு அரிச்சுக் கெடக்குது. டவுன் ஆளுங்க வராங்கன்னீங்க, அந்தச் சொத்தைய எப்டிண்ணே உங்களுக்குக் குடுக்கறது? அதான் வரப்பத் தாண்டி வந்து, உங்க தோட்டத்துலயே நல்ல காயாப் பாத்துப் பறிச்சாந்தேன்."