அதர்ஸ்

“நீ போர்டை அழிக்கிறியா, படிக்கிறியா?”

இரண்டு வருடத்துக்கு முன்பு புரோகிராமர் ஷ்ரவண் விளையாட்டாகக் கேட்டது. மும்பை மாட்டுங்காவில் அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் மாரீஸ்வரிக்குப் பெருக்கித் துடைத்து டீ கொடுக்கிற வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அன்று தலையைக் குனிந்துகொண்டு போர்டைத் துடைத்தாள். இன்றைக்கும் டஸ்டரோடு அதே போர்டின் முன்னால்தான் நின்றாள்.

“என்ன சார், டீ ஆறிப் போச்சு?”

ஷ்ரவண் தலையிலிருந்து கையை எடுத்தான். “டிரெய்னி வேலைக்கு வெப்சைட்லேர்ந்து எக்ஸ்எம்எல் ஃபைலா இருநூத்திப் பன்னெண்டு அப்ளிகேஷன் வந்திருக்கு. நம்ம ஜாவா புரோகிராமுக்கு மாத்தினா ஒண்ணு குறையறது. எரரும் இல்லை. அஞ்சு மணிக்கு மேடம் லிஸ்ட் கேப்பா. ஒண்ணுதானே, ஜானே தோ!”

“ஐயோ, விட்டுராதீங்க சார்! ஆசையா போட்டிருப்பாங்கல்லா.”

“உனக்கென்ன அக்கறை? உன் மாமா பையனா?”

அவள் டஸ்டரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

“திங்கக்கிழமை போர்டுல ரெண்டு கட்டம் போட்டீங்க சார். ‘கிராஜுவேட்’னு ஒண்ணு, ‘அதர்ஸ்’னு ஒண்ணு. டிகிரி இல்லாதவங்களும் போடலாம்னு மேடம் சொன்னாங்கல்லா?”

“ஆமா, அதுக்கென்ன?”

“எக்ஸ்எம்எல்ல வர்ற பேருக்கு ஜாவால அதே பேர்ல இடம் இருந்தாத்தான் லைப்ரரி புரோகிராம் கொண்டு வைக்கும், இல்லன்னா சத்தங்காட்டாம விட்டுரும்னு புதுப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. அதர்ஸுக்கு இடம் வச்சீங்களா சார்?”

ஷ்ரவண் நெற்றியில் அடித்துக்கொண்டான். “பாப்ரே! பழைய புரோகிராமையே ஓட்டிண்டிருக்கேன். உனக்கெப்படி இதெல்லாம்?”

“சும்மா காதுல விழுந்துச்சு சார்.”

அதர்ஸுக்கு இடம் ஒதுக்கி மறுபடி ஓட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டு.

“சபாஷ்! இரு, உன் மாமா பையன் மூஞ்சியைப் பாக்கலாம்.”

திரையில் முதலில் விரிந்தது அனுபவம் என்ற பகுதி. தமிழில் இருந்தது. மாட்டுங்காவிலேயே வளர்ந்த ஷ்ரவணுக்குத் தமிழ் பேசத்தான் வரும். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். விரலை வைத்து நிதானமாகப் படித்தான்.

“‘இரண்டு வருடமாக... உங்கள் போர்டை... துடைக்கிறேன். துடைக்கும் முன்பு... எல்லாவற்றையும்... நோட்டில் எழுதிக்கொள்கிறேன். அழிக்கவில்லை சார்... படிக்கிறேன்.’”

சட்டென்று திரும்பினான். பாதி துடைத்த போர்டின் கீழே டஸ்டரை வைத்துவிட்டு அவள் எப்போதோ போயிருந்தாள்.