ஜன்னலுக்கு மேலே இரண்டு துளை

“பாத்துடா, மெதுவா. துளை போடறேன்னு சுவரையே சாய்ச்சு விட்டுடாதே.”

ஜவுளிக்கடைக்காரர் தன் மகனிடம்தான் சொன்னார். ஆனால் அது சுருக்கென்று தைத்தது, மூலையில் நின்றிருந்த சம்பந்தியை. அவர் கொத்தனார். தான் குடியிருக்கும் இந்த வீட்டை ஒவ்வொரு செங்கல்லாக வைத்துக் கட்டியவர் அவர்தான்.

போன மாதத்துக்கு முன்னால் என்றால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். போன மாதம்தான், வேலை நடந்த இடத்தில் ஒரு பொறியாளர் வந்து, இவர் எழுப்பிய சுவர் பொலபொலவென்று உதிர்வதைக் காட்டி, அத்தனை ஆட்கள் முன்னிலையில் இடிக்கச் சொன்னார். மட்டமான சிமென்ட்டை இறக்கியது காண்ட்ராக்டர். தலை குனிந்தது கொத்தனார். விஷயம் சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து மனிதர் பாதி ஆளாகிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டாவது தடவைதான் காதில் விழும்.

கொத்தனாரின் மகள் தைத்துக் கொடுத்த திரைச்சீலையைத் தொங்கவிட ஜன்னலுக்கு மேலே ஒரு கம்பி பொருத்த வேண்டும். அதற்குத்தான் மாப்பிள்ளை புது பேட்டரி டிரில்லோடு வந்திருந்தார். ஏசி மாட்டுவது அவர் தொழில். வேடிக்கை பார்க்க அப்பாவும் கூடவே வந்துவிட்டார்.

இதைவிடச் சின்னதாக ஒன்று கடையில் இருந்ததே, அதை வாங்கினால் ஆகாதா என்று அப்பா கேட்டார்.

“அது மரத்துக்கும் ஸ்குரூவுக்கும்தான்பா. செங்கல், கான்கிரீட்டுக்குத் தாங்காது. இது சுத்திக்கிட்டே சுத்தியல் மாதிரி அடிக்கும். ஏணியில நிக்கும்போது ஒயரும் காலை இடறாது.”

மாப்பிள்ளை வேலையில் படு கறார். ஏணியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே மின்சார ஒயர் ஓடுகிறதா என்று ஒரு சின்னக் கருவியால் சுவரைத் தடவிப் பார்த்தார். கான்கிரீட்டைத் துளைக்கும் முனையான பிட்டைப் போட்டு இறுக்கி, இழுத்தும் பார்த்தார். எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அதன் மேல் டேப் ஒட்டினார். கண்ணுக்குக் கண்ணாடி, தூசிக்கு மாஸ்க், காதுக்கு அடைப்பான். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பொருத்தினார். பேட்டரியைக் கடைசியாகத்தான் செருகினார். மாமியாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஏறினார்.

“ஒரு ஓட்டைக்கு இத்தனை சடங்கா?” என்றார் அப்பா.

டிரில் சீராகச் சுற்றியது. சத்தம் வந்தது, தூசி கொஞ்சம் வந்தது, துளைதான் வரவில்லை. ஜன்னலுக்கு மேல் குறுக்காக ஓடும் கான்கிரீட் பட்டையில், அதாவது லிண்டலில், மிளகளவு பள்ளம் விழுந்ததோடு சரி. உள்ளே இருக்கும் கம்பியில் இடிக்கிறதோ என்று அப்பா சந்தேகப்பட்டார். மாப்பிள்ளை ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் இன்னொரு மிளகுதான்.

“இறங்க மாட்டேங்குதுப்பா. எத்தனையோ வீட்ல ஓட்டை போட்டிருக்கேன். இப்படி ஒரு லிண்டலைப் பாத்ததில்ல.”

“தள்ளுடா” என்று ஜவுளிக்கடைக்காரரே ஏறினார். மகன் அவருக்குக் கண்ணாடியும் மாஸ்க்கும் மாட்டி, தொளதொள சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவரும் முக்கி முக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இறங்கி வந்தவர் கொத்தனாரைப் பார்த்த பார்வையே மாறியிருந்தது.

“என்ன கலவை சம்பந்தி போட்டீங்க?”

“எல்லாரும் போடறதுதான்.”

கொத்தனாரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. லிண்டல் இறுகுவதற்காக அவர் பதினாலு நாள் ஈரச் சாக்கு போட்டு, காய்ச்சலோடு வந்து தண்ணீர் ஊற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்தாள்.

ஜவுளிக்கடைக்காரர் சற்று நேரம் லிண்டலையே பார்த்தார். பிறகு சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நாலு பேர் சொன்னதைக் கேட்டு நானும் வாயை விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

கொத்தனார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஒரு மாதமாக இல்லாத களை முகத்தில் வந்திருந்தது, கண்ணும் கலங்கியிருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. லிண்டலை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரில் இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வேறு பிட்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் கொத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். டிரில்லின் கழுத்தில் இருந்த வளையத்தை ஒரு திருப்புத் திருப்பினார். இந்தத் தடவை அது கடகடவென்று அடித்துக்கொண்டே சுற்றியது. முதல் துளை டேப் வரைக்கும் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே.

மனைவி வாயைப் பிளந்தாள். “என்னங்க இது?”

“சுத்தியல் படத்துக்கு நேரா வளையத்தைத் திருப்பி வெச்சாத்தான் இது அடிக்கும். இல்லேன்னா வெறுமனே சுத்தும். சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“ஐயோ, பாவம். மாப்பிள்ளை அதை மறந்துட்டாரா?”

“ஏணி, ஒயர், கண்ணாடி, மாஸ்க், டேப்னு ஒண்ணையும் மறக்காத மனுஷன், அதை மட்டுமா மறப்பாரு?” கொத்தனார் துளையில் இருந்த தூசியை ஊதினார். “நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேனே, இந்த லிண்டலுக்காகன்னா நினைச்சே?”