முட்டுக் கொடுத்த கல்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காரில் ஒரு டயர் பஞ்சரானது. டயர் மாற்றும்வரை வண்டி உருளாமலிருக்க, சாலையோரம் கிடந்த கருங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். பின்னால் வருகிறவர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்று வேப்பங்கிளை ஒன்றையும் ஒடித்துப் போட்டார்கள்.

கல்லுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் மட்டும் இல்லேன்னா இந்தக் குடும்பத்தோட கதி என்ன?" என்று கிளையிடம் பத்துத் தடவையாவது கேட்டிருக்கும்.

டயர் மாற்றியதும் கார் கிளம்பிவிட்டது. கல் சாலையிலேயே கிடந்தது.

"வந்த வேலை முடிஞ்சுதுல்ல கல்லண்ணே, ஓரமா உருண்டு வாங்க" என்றது கிளை. அது காற்றோடு காற்றாக ஏற்கெனவே ஓரத்துக்குப் போயிருந்தது.

"காவலுக்கு வச்ச ஆளு நான். இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"இனிமே உங்ககிட்டேருந்துல்ல ஜனங்களைக் காப்பாத்தணும்."

கல் முறைத்தது. அதற்குள் சற்றுத் தூரம் போயிருந்த அதே கார் ஓரங்கட்டி நின்றது. அதை ஓட்டிவந்த பெண் இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள்.

"நன்றி கெட்ட உலகம்" என்று கல் முனகி முடிப்பதற்குள், அது கிடந்த அதே இடத்தின்மேல் ஒரு பைக் பறந்துபோனது. அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை, கரும்பைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே போனது.

பாட்டு மறைந்ததும் கல் மெல்லப் புரண்டு, இன்னும் ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டது.